தூதரகங்களில் என்னோடு உழைத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பணி ஓய்வு பெற்றுவிட்டேன். விடைகொடுக்கும் கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பற்றியே பேசினார்கள், அது வழக்கம்தான். ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டிய பலர் அந்த அறையில் இல்லை. அவரவர் நாட்டில், அதே தூதரகத்தில், எனக்குப் பின் வந்தவருக்கும் அவருக்குப் பின் வந்தவருக்கும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

உள்ளூர்ப் பணியாளர்களே, முதல் நன்றி உங்களுக்கு. மூன்று நான்கு ஆண்டுகளில் நாங்கள் பெட்டியைக் கட்டிவிடுவோம். எந்தக் கோப்பு யார் மேசையில் தூங்கும், யாரிடம் தொலைபேசியில் பேசலாம், யாரை நேரில்தான் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி.

துணைத் தூதரகப் பிரிவில் இருந்த ஓர் எழுத்தரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. பிழைக்க வந்த இடத்தில் எங்கள் நாட்டவர் ஒருவர் இறந்துபோனார். உடலை அனுப்ப இறப்புச் சான்றிதழ், காவல்துறையின் அனுமதி, உடலைப் பதப்படுத்திய சான்று, குடும்பத்தாரின் சம்மதம் எல்லாம் வேண்டும். இறந்தவரின் பாஸ்போர்ட்டையும் ரத்து செய்ய வேண்டும். மறுநாளிலிருந்து நீண்ட விடுமுறை. அலுவலகம் மூடும் நேரத்தில் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. கையெழுத்துப் போட வேண்டியவர் படியிறங்கி காருக்குப் போய்க்கொண்டிருந்தார். எழுத்தர் ஓடிப்போய்க் கோப்பை அந்தக் காரின் மேலேயே விரித்து வைத்து வாங்கிவிட்டார். உடல் அன்றிரவே விமானம் ஏறியது. குடும்பத்தாரின் நன்றிக் கடிதம் தூதர் என்ற முறையில் என் பெயருக்கு வந்தது. அந்த நன்றி உங்களுக்கு உரியது, ஐயா.

தூதர்களுக்கும் தூதரகங்களுக்கும் உள்ள பாதுகாப்பை வரையறுக்கும் 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் 29ஆம் பிரிவை விரிவாகச் சொல்வார்கள்: தூதரக அதிகாரியைக் கைது செய்யக் கூடாது. 38ஆம் பிரிவில் அவ்வளவாக யாரும் நிற்பதில்லை. தூதரகம் இருக்கும் நாட்டின் குடிமக்களான பணியாளர்களுக்கு, அந்த நாட்டு அரசு மனமுவந்து தருகிற பாதுகாப்பு மட்டுமே என்கிறது அது. போர் மூண்டால் நாங்கள் வெளியேற வசதி செய்து தரச் சொல்லும் 44ஆம் பிரிவிலும் உங்களுக்கு இடமில்லை. மூடிய தூதரகத்தின் கட்டடத்தையும் ஆவணங்களையும் காக்க 45ஆம் பிரிவு இருக்கிறது, பாருங்கள்! இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கலவர நாட்களில் கார் ஓட்டியவரும், போராட்டக் கூட்டத்தின் நடுவே எனக்கு மொழிபெயர்த்தவரும் இந்தக் காப்பு எதுவும் இல்லாமல்தான் என் பக்கத்தில் நின்றார்கள்.

தலைமையகத்தில் நேர வித்தியாசம் பாராமல் என் தந்திகளுக்குப் பதில் எழுதியவர்களுக்கும், ரகசியச் செய்திகளைக் கையாளும் சங்கேதப் பிரிவில் இரவெல்லாம் கண் விழித்தவர்களுக்கும் நன்றி.

அப்புறம், என் மனைவிக்கு. தூதரக அதிகாரியின் துணைவர் வேலை பார்க்கப் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும். அது கிடைத்து வேலையில் ஊன்றும் நேரத்தில் எனக்கு அடுத்த மாற்றல் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுப் பள்ளி, புது மொழி என்று பழகிக்கொண்ட பிள்ளைகளுக்கும் நன்றி.

பழைய பணியாளர்கள் யாருக்காவது வேலைக்கோ விசாவுக்கோ சான்றுக் கடிதம் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். ஓய்வுபெற்ற தூதருக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய தூதர்