கடன் நோட்டு கரைந்த பிறகும் கணக்குச் சொல்ல வந்தவர்களுக்கு

எங்கள் சபையாருக்கும், ஊராருக்கும், தூரத்தில் இருந்தபடியே கைகொடுத்தவர்களுக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

போன வாரம் மொத்தக்கடைக்குக் கடைசித் தவணையைக் கட்டிவிட்டோம். இனி எங்கள் பலசரக்குக் கடையில் இருக்கிற சரக்கு எல்லாம் எங்கள் சரக்குதான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒரு வரியை எழுதுவோம் என்று நானும் நினைக்கவில்லை, என் வீட்டுக்காரரும் நினைக்கவில்லை. உங்களில் பலருக்கு நேரிலேயே நன்றி சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் எதுக்குக்கா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். எழுதினால் குறுக்கே பேச முடியாது இல்லையா, அதனால்தான் இந்த மடல்.

வெளியூரில் இருந்து உதவியவர்களுக்காக, நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஏரலுக்கும் ஆத்தூருக்கும் நடுவில், தாமிரபரணிக் கரையை ஒட்டி இருக்கிறது. நெல், வாழை, கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால். டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே மழை வலுத்திருந்தது. பக்கத்தில் காயல்பட்டினத்தில் அந்த ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததாகப் பிறகு சொன்னார்கள். எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கச் சேர்த்தாலே அவ்வளவு பெய்யாது. குளங்கள் உடைந்தன, மலையில் இருந்து வந்த வெள்ளமும் அணைத் தண்ணீரும் ஆற்றில் சேர்ந்தன. ஏரல் பாலத்தை ஒட்டிய சாலையை ஆறு அரித்துக்கொண்டு போனது. திங்கட்கிழமை விடியும்போது எங்கள் கடைக்குள் கழுத்தளவுத் தண்ணீர். அரிசி, பருப்பு, சீனி, மாவு எல்லாம் மூட்டையோடு போயிற்று. கரண்ட் இல்லை, போன் இல்லை.

கடற்கரை ஊர்களில் இருந்து படகைக் கொண்டுவந்து, வயசாளிகளைத் தூக்கி ஏற்றி எங்கள் சபைக் கோயிலுக்குக் கொண்டுசேர்த்த மீனவத் தம்பிகளுக்கு முதல் நன்றி. எங்கள் மாமியாரைச் சாக்குமூட்டை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு போன தம்பியின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. "பாட்டி, பிடிச்சுக்கோங்க" என்று மட்டும்தான் சொன்னானாம். அவர் அதை இன்றைக்கும் தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் எங்கள் சபைப் போதகரான ஐயரின் மனைவி ஐயரம்மாவும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரும். கோயில் மேட்டில் இருந்ததால் அங்கே தண்ணீர் ஏறவில்லை. ஊரில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள், எல்லாத் தெருக்காரர்களும். சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு மட்டும் வெளியே வருகிற பெரிய அண்டாக்களை, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை சாமான் அறையில் இருந்து உருட்டிக்கொண்டு வந்தார். பாத்திரம் வந்துவிட்டது, அரிசிக்கு எங்கே போவது? அப்போதுதான் ஐயரம்மா பிடியரிசி டிரம்மைத் திறந்தார்.

பிடியரிசி பற்றித் தெரியாதவர்களுக்கு: நெல்லைப் பக்கத்துச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம் இது. உலை வைக்கிறபோதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் எடுத்துப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை விற்று வருகிற பணம் சபைக் காரியங்களுக்குப் போகும். காசாகக் காணிக்கை போட வசதியில்லாத பாட்டிமார் இதை விட்டதே இல்லை. பொன்னியும் ரேஷன் அரிசியும் இட்லி அரிசியும் கலந்து கிடக்கும் என்பதால் அதை வாங்குகிறவர்கள் கோழிக்குத்தான் போடுவார்கள் என்று நானே கேலி செய்ததுண்டு. அந்த வாரம் அந்தக் கலப்பு அரிசிதான் கஞ்சியாகி ஊரைக் காப்பாற்றியது. ஒரு பருக்கை குழைந்திருக்கும், இன்னொன்று நறுக்கென்று இருக்கும். அந்தக் கஞ்சியைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. தினமும் ஒரு பிடி எடுத்துவைத்த அத்தனை கைகளுக்கும், அதில் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறவர்களின் கைகளுக்கும் சேர்த்து நன்றி.

கடையில் மேல்தட்டில் இருந்த மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிஸ்கட், பால்பவுடர் மட்டும் தப்பியிருந்தன. அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் மெழுகுவர்த்தி என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் சபலம் வராமல் இல்லை. இருந்ததெல்லாம் போய்விட்டதே, இதிலாவது நாலு காசு பார்க்கலாமே என்று மனம் கணக்குப் போட்டது. என் வீட்டுக்காரர் பால்பவுடரைக் கைக்குழந்தைக்காரர்களிடம் சும்மா கொடுத்துவிட்டு, மற்றதை அட்டையில் அச்சடித்த விலைக்கே கொடுத்தார். என்னிடம் யோசனை கேட்கவும் இல்லை. இந்த மடலில் அவருக்கும் ஒரு நன்றி சேர்த்துக்கொள்கிறேன், வீட்டில் சொன்னால் கூச்சப்படுவார்.

இனி நோட்டு விஷயம். கிராமத்துக் கடை என்றால் பாதி வியாபாரம் கடன்தான். கூலி வந்ததும் தருகிறேன், வாழைத்தார் வெட்டியதும் தருகிறேன், மகன் பணம் அனுப்பியதும் தருகிறேன். எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு மேசை இழுப்பறையை உடைத்துத்தான் திறந்தோம், பலகை அவ்வளவு உப்பியிருந்தது. நோட்டு ஒரே கட்டியாக, ஓரமெல்லாம் வண்டல் அப்பிக் கிடந்தது. கோயில் வராந்தாவில் வைத்து ஈர்க்குச்சியால் ஒவ்வொரு தாளாக நெம்பிப் பிரித்தோம். நான் ஜெல் பேனாவால் எழுதுகிற ஆள். மை முழுக்கக் கரைந்து தாளெல்லாம் ஊதாவாக இருந்தது. ஒரு தாளில் தேதி நின்றது, ஒரு தாளில் "எண்ணெய்" என்ற சொல் நின்றது. ஆளும் தொகையும் சேர்ந்து தெரிந்த தாள் ஒன்றுகூட இல்லை.

அதைப் பார்த்தபோதுதான் நான் உட்கார்ந்து அழுதேன். சரக்கு போனதற்குக்கூட அழவில்லை. மறுபடி சரக்குப் போட அந்த நோட்டுதான் எங்களுக்கு இருந்த ஒரே முதல்.

அரசாங்கம் ரேஷன் கடையில் 6000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. வாங்கிய கையோடு முதலில் வந்தது மேலத்தெருவில் நூறு நாள் வேலைக்குப் போகிற அக்கா. அவர் வீட்டுச் சுவர் ஒரு பக்கம் முழுக்க இடிந்து கிடந்தது. "எம்பேருல 840 இருக்கும்" என்றார். நோட்டில் எழுத்தே இல்லை அக்கா, முதலில் சுவரைக் கட்டுங்கள் என்றேன். "நோட்டுலதான இல்ல, எனக்கு ஞாபகம் இருக்குல்லா" என்று கோபப்பட்டார். வாங்க மாட்டேன் என்று நானும், வைத்துவிட்டுத்தான் போவேன் என்று அவரும். கடைசியில் 500 ரூபாயை உப்பு டப்பா மூடியின் மேல் வைத்துவிட்டு, மிச்சம் பொங்கலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். பொங்கலுக்கு மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த அக்கா சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர் இல்லை. சாட்சி சொல்லச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவார். வேதத்தின்படி நடப்பது என்று பிரசங்கத்தில் கேட்டது எனக்கு அந்த உப்பு டப்பா மேல்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அவரைத் தொடர்ந்து ஒவ்வொருவராக வந்தீர்கள். ஆத்தூர் சாலையில் டீக்கடை வைத்திருக்கிற பாய், வாங்கிய சீனியையும் டீத்தூளையும் விரல்விட்டு எண்ணி, மனக்கணக்காகவே ஒரு தொகை சொன்னார். அவர் கடையும் முழுகிய கடைதான். நான் நினைத்திருந்ததைவிடக் கூடுதலாக வந்தது. "சந்தேகம் வந்தா கூடத்தான் வைக்கணும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். இங்கிருந்து மாறுதலாகிப் போன டீச்சர் போனில் பணம் அனுப்பி, கூடவே ஒரு செய்தி: துணி சோப்பு இரண்டா மூன்றா என்று ஞாபகம் இல்லை, மூன்றுக்குப் போட்டிருக்கிறேன் என்று. திருப்பூரில் வேலை பார்க்கிற ஒரு தம்பி, வெள்ளத்துக்கு முன்பே இறந்துபோன தன் அம்மாவின் பாக்கி எவ்வளவு என்று கேட்டு வந்தான். அந்த அம்மா பாக்கியே வைத்ததில்லை என்று சொன்னேன். நிஜமாகவே வைத்ததில்லை. செம்மணல் மேடான தேரிப்பக்கம் பனையேறுகிற அண்ணாச்சி, கையில் காசில்லை என்று சேறு அள்ளிக் கடையைக் கழுவிவிட்டுப் போனார். அதோடு கணக்கு முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பங்குனியில் முதல் காய்ச்சுக் கருப்பட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கடலைமிட்டாய்க் கடன் என்று 10 ரூபாய் கொண்டுவந்தான். அவனுக்கு நான் எப்போது கடன் கொடுத்தேன் என்று இன்னும் விளங்கவில்லை.

இதில் பாதிப்பேர் சபையார், பாதிப்பேர் வேறு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள். வராதவர்களும் உண்டு. வாழை முழுக்கச் சாய்ந்துபோனவரிடம் மளிகைப் பாக்கியை யார் கேட்பது? "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரியைச் சின்ன வயசில் இருந்து சொல்லி வருகிறேன். கடை வைத்திருக்கிறவளுக்கு அது கொஞ்சம் கனமான வரிதான். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தலையைக் குனிந்துகொண்டு எதிர்த்தெருவால் சுற்றிப் போகாதீர்கள். கடைக்கு வாருங்கள். பழையதை யாரும் கேட்க மாட்டார்கள்.

கடையை மறுபடி திறப்பதா, சென்னையில் மகனோடு போய் இருந்துவிடுவதா என்று நாங்கள் குழம்பிக் கிடந்த நேரம். ஆண்டவருடைய சித்தம் என்ன என்று ஜெபித்துக்கொண்டுதான் இருந்தோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எல்லோரையும் போல எனக்கும், புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை கிடைத்தது. ஆறுதலான வசனம்தான், ஆனால் அதில் கடையைத் திற என்றும் இல்லை, மூடு என்றும் இல்லை. இதை ஐயரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "அட்டையை வீட்டில மாட்டுங்கம்மா. கடையைப் பத்திக் கடைக்கு வாறவங்ககிட்ட கேளுங்க" என்றார். அடுத்த வாரத்திலேயே நூறு நாள் வேலை அக்காவும் பாயும் வந்துவிட்டார்கள், நாங்கள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடி வேதத்தைப் பிரித்து விரல் பட்ட வசனத்தில் பதில் தேடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்குப் பதில் அப்படி வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக ஐயருக்கு நன்றி.

அந்த நாட்களில் வெளியில் இருந்து பிரசங்கிக்க வந்த ஒரு ஊழியர், இந்த வெள்ளம் ஊருடைய பாவத்துக்கு வந்த தண்டனை என்று பேசினார். சேறு வழிக்கிறவர்களிடம் நின்று பேசுகிற பேச்சா அது? சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப்பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று சொன்னது லூக்கா 13-ல் இருக்கிறது. ஐயருக்குத் துணையாகச் சபையில் போதிக்கிற எங்கள் உபதேசியார் அதை எடுத்துச் சொல்லி, கையில் ஒரு மண்வெட்டியையும் கொடுத்துப் பார்த்தார். வந்தவர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். உபதேசியாருக்கும் நன்றி, அந்த மண்வெட்டிக்காக.

தூத்துக்குடி மொத்தக்கடை அண்ணாச்சியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. அவர் குடோனிலும் தண்ணீர் புகுந்து சீனி மூட்டைகள் பாகாக ஓடியிருந்தன. வருஷம்தோறும் திருச்செந்தூருக்கு மாலை போட்டு நடந்து போகிற முருக பக்தர். என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிப் போய் நின்றதும், பழைய பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் புதுச் சரக்குக்குச் சிட்டை போடச் சொன்னார். "வித்துட்டுக் கொடுங்க" என்றார், அவ்வளவுதான். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. அதே வாரம்தான் நூற்றுக்குப் பத்து வட்டிக்குப் பணம் தருவதாக ஒரு ஆள் எங்கள் வாசலுக்கே வந்திருந்தார். அண்ணாச்சி இல்லாவிட்டால் அந்தக் கண்ணியில் விழுந்திருப்போம். கடைசித் தவணையை அவர் கையில் கொடுத்தபோது எண்ணிக்கூடப் பார்க்காமல் கல்லாவில் போட்டார். உங்கள் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்ப ஜெபத்தில் தினமும் இடம் இருக்கிறது, அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை மூடித்தான் இருக்கும் என்ற பழைய வழக்கத்தைத் தொடர்கிறோம். கடன் தலைக்கு மேல் இருக்கும்போது அரைநாள் வியாபாரத்தை விடலாமா என்று சிலர் அக்கறையோடு கேட்டீர்கள். வேற்று மதத்து அக்காமார் சனிக்கிழமை மாலையே வந்து, "நாளைக்கு நீங்க திறக்க மாட்டீங்கல்லா" என்று வாங்கிப் போகிறீர்கள். அந்தச் சிரமத்துக்கும் நன்றி. அவசரம் என்றால் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், கைக்குழந்தைக்குப் பால்பவுடர் எந்த நேரமும் கிடைக்கும்.

கடைசியாக, யாரென்று தெரியாத ஒருவருக்கு. கடை திறந்த புதிதில் கதவு இடுக்கில் ஒரு கவர் கிடந்தது. உள்ளே பணம், "தராசுக்கு" என்று ஒரே ஒரு சொல். கையெழுத்தைப் பல பேரிடம் காட்டிப் பார்த்தோம், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தில் எலக்ட்ரானிக் தராசு வாங்கி, முத்திரை போட்டு, மேசைமேல் வைத்திருக்கிறோம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று என் மாமனார் உத்தரத்தில் பெயிண்டால் எழுதிய வரிக்கு நேர் கீழே இருக்கிறது. நீங்கள் அநேகமாக வாரம் ஒருமுறையாவது அதில் நிறுத்துச் சரக்கு வாங்கிக்கொண்டுதான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெயரைச் சொல்ல வேண்டாம், கண்டுபிடிக்கவும் மாட்டோம். இந்த மடல் உங்கள் கையில் கிடைத்தால் போதும்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
கோயில் தெரு பலசரக்குக் கடை