லட்சுமியின் கணவர், பிரேமின் மனைவி

மதுரை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தைய நாள் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து காலை நடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகன் வேலை மாறிப் புனேவுக்குப் போய்விட்டான். பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்ததும் மருமகளும் கிளம்பிவிடுவாள். அதன் பிறகு நானும் என் புத்தகங்களும்தான்.

உன் கணவரின், எனக்கு அண்ணன்போன்றவரின், ராணுவப் பணிக்காலத்தைப் பேத்திக்காக எழுதிவைக்கப் போவதாகச் சொல்லியிருந்தாய். மிக நல்ல காரியம். ஆனால், 'என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, ஊர் ஊராகப் பெட்டி கட்டியதும் பிரித்ததும்தான்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாட்களாக மனத்துக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நேரில் இருந்தால் கேட்டுத் தீர்த்திருப்பேன். தூரத்தில் இருப்பதால் ஒரு தம்பதியின் கதையை எழுதி அனுப்புகிறேன்.

மனைவியை உனக்குத் தெரியும். நமக்கு நாற்பது ஆண்டுகள் முன்பாக, கடலைப் பார்த்து நிற்கும் அதே ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர் கேப்டன் லட்சுமி. அவருடைய கணவர் பிரேம் குமார் சேகலும் ராணுவ அதிகாரிதான். பெரும்பாலான குடும்பங்களில் கணவரின் பதவி நினைவில் நிற்கும், மனைவியின் பெயர் மறைந்துபோகும். இந்த வீட்டில் நடந்தது நேர்மாறு. லட்சுமியைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், பிரேமைக் கேட்டால் பலரும் யோசிக்கிறார்கள். எந்தப் பக்கம் மறந்தாலும் கதை பாதிதான்.

லட்சுமியின் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். பாலக்காட்டுச் சீமையில் ஆனக்கரை வடக்கத்து வீட்டின் பெண் அம்மு. தந்தை கோவிந்த மேனன் காலமான பிறகு, அவரிடம் உதவி பெற்றுப் படித்து முன்னேறிய சுவாமிநாதன் என்ற சென்னை வழக்கறிஞர் அந்த வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். அவர் தமிழ் பிராமணர், அம்முவைவிட இருபது வயதுக்கும் மேல் மூத்தவர். அம்முவோ சிறுமி. நான் பட்டணத்தில் வாழ வேண்டும், எனக்கு ஆங்கிலம் கற்றுத்தர ஆள் வைக்க வேண்டும், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய் என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது, என் அண்ணன்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை. இப்படி நிபந்தனை போட்டுத்தான் அவர் சம்மதித்தாராம். குடும்பத்தார் இன்றும் சொல்லும் செய்தி இது. நாயர் வீடுகளில் சம்பந்தம் வைத்துக்கொண்டு மனைவியையும் மக்களையும் தாய்வீட்டிலேயே விட்டுவிடும் வழக்கம் இருந்த காலம். சுவாமிநாதன் அப்படிச் செய்யவில்லை. முறையாக மணந்து, சென்னைக்கு அழைத்து வந்து, சேர்ந்து வாழ்ந்தார். சாதிக்காரர்கள் முகம் சுளித்ததை அவர் பொருட்படுத்தவே இல்லை.

1930இல் அவர் இறந்தபோது லட்சுமிக்கு வயது பதினாறுகூட நிறையவில்லை. அதன் பிறகு அம்மு எழுந்து நின்ற விதம் எனக்கு இன்றும் வியப்பு. காங்கிரஸில் உழைத்தார், சிறை சென்றார், அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார், 1952இல் நம் திண்டுக்கல் தொகுதியிலிருந்தே மக்களவைக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படிக்காத பெண் அவர்! இளைய மகள் மிருணாளினி நாட்டியத்தில் உலகப் புகழ் பெற்று விக்ரம் சாராபாயை மணந்தார். அது தனிக் கதை.

லட்சுமி 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மகப்பேறு மருத்துவமும் படித்தார். ஒரு விமானியுடன் நடந்த முதல் திருமணம் நிலைக்கவில்லை. 1940இல் சிங்கப்பூருக்குப் போனார். அங்கே அவர் வைத்தியம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊரிலிருந்து கூலி வேலைக்குப் போன ஏழைகள்.

இனி பிரேம். பஞ்சாபின் ஹோஷியார்பூரில் 1917இல் பிறந்தவர். தந்தை அச்ரு ராம் லாகூரில் பெயர்பெற்ற சட்ட வல்லுநர். மகன் டேராடூன் ராணுவக் கல்லூரியில் தேறிப் பலூச் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாலியனில் அதிகாரியானார். ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபோது அந்தப் பட்டாலியன் கிழக்குக் கரையில், கோத்தா பாரு பகுதியில் நின்றது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பூங்கா மைதானத்தில் இந்திய வீரர்களை மட்டும் தனியே கூட்டி, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். உறுதிமொழி எடுத்து ஒரு மன்னனுக்குப் பணி செய்தவர்களை அந்த மன்னனின் ஆட்களே கைகழுவிவிட்டார்கள் என்ற புண் பலரிடமும் ஆறாமல் இருந்தது. பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட அமைந்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் மனத்தை அந்த மைதானத்தை நினைக்காமல் புரிந்துகொள்ள முடியாது. ராணுவ வீட்டில் வாழ்ந்த உனக்கு இது என்னைவிட நன்றாகப் புரியும்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். அதற்குத் தலைமை ஏற்க அழைத்தபோது லட்சுமி தயங்கவில்லை, மருத்துவமனையை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார். அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட சுதந்திர இந்திய அரசில் அவர் அமைச்சர். மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். பார்க்காத நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவர்களைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரியோ இரண்டு வரியோதான் இருந்தன. வகுப்பில் நான் அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேசுவேன். கோலாலம்பூரின் ஜானகி தேவர் பதின்ம வயதில் படையில் சேர்ந்து, லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்ததைச் சொன்னால் பின்வரிசைப் பெண்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்த பிரேம் அப்போது நேதாஜியின் ராணுவச் செயலாளர். அந்தச் சூழலில்தான் இருவரும் பழகினார்கள். படை பர்மாவுக்கு நகர்ந்ததும் அவரவர் கடமை அவரவருக்கு. 1945இன் தொடக்கத்தில் போப்பா மலைப் பகுதியில் தன் படைப்பிரிவோடு பிரேம் நின்றார். விமானம் கிடையாது, மருந்து கிடையாது, சாப்பாடும் சரியாகக் கிடையாது. ஏப்ரல் 28 அன்று மாகிகோன் என்ற கிராமத்தில் கூர்க்கா பட்டாலியன் ஒன்று அவர்களைச் சூழ்ந்தபோது, போர்க்கைதிகளாக நடத்துவதானால் மட்டுமே சரணடைவோம் என்று எழுதி அனுப்பினார். அந்த நிலையிலும் தாம் கலகக்காரர்கள் அல்ல, ஒரு நாட்டின் ராணுவம் என்று எழுத்தில் பதியவைத்த நிதானம் சாதாரணமானதல்ல. பிறகு நீதிமன்றத்தில் அந்தக் கடிதமும் பேசப்பட்டது.

நவம்பர் 5 அன்று தில்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான விசாரணை தொடங்கியது. ஷாநவாஸ் கான், குர்பக்ஷ் சிங் தில்லான், பிரேம் சேகல் மூவரும் ஒரே கூண்டில். ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர், ஓர் இந்து. மூவரையும் சேர்த்து நிறுத்தியதுதான் பிரிட்டிஷ் அரசு செய்த பெரிய தவறு. மூன்று பெயரையும் ஒரே முழக்கமாக நாடு முழுக்கச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். புலாபாய் தேசாய் வாதாடினார். நேரு பல ஆண்டுகளுக்குப் பின் வழக்கறிஞர் அங்கியை அணிந்து வந்து அமர்ந்தார். பிரேமின் தந்தையும் அந்த வழக்கறிஞர் குழுவில் இருந்தார். மகன் தூக்குக்குப் போகலாம் என்ற வழக்கில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தத் தகப்பனை நினைத்துப் பார். லட்சுமி அப்போது பர்மாவில் பிரிட்டிஷாரின் காவலில். 1946 மார்ச்சில்தான் அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றத்துக்கு மூவருக்கும் ஆயுள் நாடுகடத்தல் என்று தீர்ப்பு. 1946 ஜனவரியில் தளபதி ஆச்சின்லெக் அந்தத் தண்டனையை ரத்து செய்து விடுவித்தார் என்பதோடு எல்லோரும் கதையை முடித்துவிடுகிறார்கள். பதவி நீக்கத்தையும் சம்பளப் பறிப்பையும் அவர் ரத்து செய்யவில்லை. நாடு விடுதலை பெற்ற பிறகும் இந்திய தேசிய ராணுவத்தினரை நம் ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கொண்டாட்டம் ஒரு பக்கம், சீருடை இல்லாத வாழ்க்கை இன்னொரு பக்கம். இது எனக்கு இன்றும் கோபமூட்டும் விஷயம். இருபத்தெட்டு வயதில் நாடே பெயர் சொல்லி முழங்கிய மனிதர், கான்பூரில் ஒரு ஜவுளி ஆலை வேலைக்குப் போனார். அங்கேயே வாழ்நாளைக் கழித்தார். தலைவர்களின் வாசலில் போய் நிற்கவில்லை.

திருமணம் 1947 மார்ச்சில் லாகூரில் நடந்தது. அந்த மாதம்தான் பஞ்சாபில் கலவரத் தீ பற்றியது. சில மாதங்களில் லாகூர் வேறு நாட்டின் ஊராகிவிட்டது. அச்ரு ராம் இந்தியப் பஞ்சாபின் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1949இல் காந்தி கொலை வழக்கின் மேல்முறையீட்டைச் சிம்லாவில் விசாரித்த மூன்று நீதிபதிகளில் அவரும் ஒருவர். அந்த வழக்கின் முதல் விசாரணையும் செங்கோட்டையில்தான் நடந்தது. ஒரே குடும்பத்தின் கதைக்குள் அந்தக் கோட்டை இரண்டு முறை வருகிறது.

லட்சுமிக்குக் கான்பூர் புது ஊர், இந்தியும் தாய்மொழியல்ல. ஆரிய நகரில் சிறிய மருத்துவமனை திறந்தார். எல்லையைத் தாண்டி வந்த அகதிகளுக்கும், ஆலைத் தொழிலாளர்களின் மனைவிமாருக்கும் பிரசவம் பார்த்தார். காசு வைத்தால் வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் கேட்கமாட்டார். சுபாஷினி, அனீசா என்று இரண்டு மகள்கள். மூத்தவருக்கு நேதாஜியின் நினைவாகப் பெயர். 1971இல் வங்கதேச அகதிகளுக்காக எல்லையோர போங்காவ் முகாமுக்குப் போய் வேலை செய்தார். அந்த ஆண்டுதான் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். போபாலில் விஷவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவோடு அங்கே போனார். 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டுச் சீக்கியர்களைத் தேடித் தாக்கிய நாட்களில், எழுபது வயதில், தன் மருத்துவமனைத் தெருவில் இறங்கிக் கும்பலை எதிர்த்து நின்றார். அந்தச் சுற்றுவட்டாரத்துச் சீக்கியர்களை யாரும் தொடவில்லை. அந்த நேரத்தில் அவர் மனத்தில் தில்லானின் முகம் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பிரேம் 1992 அக்டோபரில் காலமானார். பத்து ஆண்டு கழித்து, 2002இல், இடதுசாரிகளின் வேட்பாளராக அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் லட்சுமி நின்றார். தோல்வி முன்பே தெரிந்ததுதான். ராமேசுவரத்துப் பிள்ளைக்கும் சென்னைப் பெண்ணுக்கும் நடந்த போட்டி என்று நம் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். தொண்ணூறு தாண்டியும் காலையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 2012 ஜூலை 23 அன்று இறந்தார். உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது சொல். செங்கோட்டைத் தீர்ப்போடு பிரேமின் கதையை நிறுத்த முடியுமா? ஆலை வேலைக்குப் போன கணவரின் துணையில்லாமல் காசு கேட்காத மருத்துவமனையை லட்சுமி அத்தனை ஆண்டுகள் நடத்தியிருக்க முடியுமா? அண்ணன் எல்லையில் இருந்த குளிர்காலங்களில் ஜபல்பூரில் நீ தனியாகப் பிள்ளைகளுக்கு அம்மை பார்த்தாய், குடியிருப்பில் தந்தி வந்த வீட்டுப் பெண்ணோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தாய். இவற்றை எனக்கு எழுதியவள் நீதான். அந்தக் கடிதங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பேத்திக்கான நோட்டில் இடது பக்கம் அவருடைய பணி, வலது பக்கம் அதே ஆண்டில் உன் வாழ்க்கை என்று எழுதிக்கொண்டு போ. எந்த ஆண்டாவது நினைவுக்கு வராவிட்டால் எனக்கு எழுது, உன் கடிதத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

பொங்கல் முடிந்ததும் கோவைக்கு வரலாம் என்றிருக்கிறேன். டிக்கெட் எடுத்ததும் தொலைபேசியில் சொல்கிறேன். அதற்குள் ஜபல்பூர் வரையாவது எழுதி முடித்துவிடு.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி