சதுரக்கள்ளியும் எட்டும்

கோவில்பட்டி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகன் வீட்டில் பொழுது போகாமல் பஸ் போர்டுகளைப் பார்த்தே கன்னட எழுத்துக் கற்றுக்கொண்டாயாமே! முழங்கால் வலிக்குத் தைலத்தைவிட இது மேல். இங்கே மழை பிந்திவிட்டது. உளுந்து விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்தபடி இருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

“நம்ம எட்டும் இங்கிலீஷ் எயிட்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு, பாலுக்கு இங்கே ஹாலுங்கிறான், அப்போ யார்தான் நமக்குச் சொந்தம்?” என்று கிண்டலாகத்தான் கேட்டிருக்கிறாய். முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவனிடம் கேட்டுவிட்டாய், அனுபவி.

போன வாரம் பேத்தியோடு கம்மாய்க்கரைக்குப் போனேன். வேலியில் சதுரக்கள்ளி, பத்தடி தள்ளிச் சப்பாத்திக்கள்ளி. இரண்டும் பச்சைச் சதை, இரண்டிலும் முள். “ஒரே குடும்பமா தாத்தா?” என்றாள். அவள் கையை எட்டப் பிடித்துக்கொண்டு, சதுரக்கள்ளியின் விளிம்பைக் கத்தியால் லேசாகக் கீறினேன். வெள்ளைவெளேரென்று பால் வடிந்தது. கண்ணில் பட்டால் தொலைந்தோம். சப்பாத்தியைக் கீறினால் கொழகொழவென்று ஒரு சாறு, அவ்வளவுதான். முன்னது இந்தப் பக்கத்துச் செடி, ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் பங்காளி. பின்னது அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது. தண்ணீர்ப் பஞ்சத்தில் பிழைக்கிற கட்டாயம் இரண்டுக்கும் ஒரே உடம்பைத் தந்துவிட்டது. நம் ஆட்களும் உடம்பைப் பார்த்தே கள்ளி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

“எருக்கிலயும் பால் வருதே?” என்றாள். சரியான அடி! எருக்கு வேறு குடும்பம். பங்காளியான ஆமணக்கை ஒடித்தாலோ பாலே வராது. ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது, பூவையும் பார்க்கணும். சப்பாத்திப் பூவில் அடுக்கடுக்காக இதழ். சதுரக்கள்ளியில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று, இதழே கிடையாது.

இனி உன் எட்டைக் கீறு. எண்பது, எண்ணூறு, எண்சாண் உடம்பு: உள்ளே இருப்பது ‘எண்’. கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. எயிட்டின் எழுத்தில் சும்மா நிற்கிற ஜி, எச் இரண்டும் ஒரு காலத்தில் வாயில் வந்த ஒலி. லத்தீனில் அது ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. ஆக, எயிட்டுக்குச் சொந்தம் உன் தினசரிக் காலண்டரில் இருக்கிற அஷ்டமி! நம் எட்டோடு ஒலி ஒத்துப்போனதெல்லாம் தற்செயல்.

ஹாலு கதை வேறு. பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, போ ஹோகு. ஒரு சொல் என்றால் யதேச்சை எனலாம், வரிசையாக வந்தால்? பழங்கன்னடத்தில் அவர்களுக்கும் ‘ப’தான். பிற்பாடு அது ‘ஹ’ ஆனது. பழங்கன்னடத்தை ‘ஹளெகன்னட’ என்கிறார்களே, அந்த ஹளெயே நம் ‘பழைய’தான். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் எல்லிஸ் எழுதினார், சென்னையில் கலெக்டராக இருந்தவர். மேலுக்குத் தெரிகிற சாயலைவிட, இப்படி ஒழுங்காக மாறியிருப்பதைத்தான் நான் நம்புவேன்.

நீ இறங்குகிற ஸ்டாப் ஏதோ ஹள்ளி என்றாயே. ‘ஹ’வை எடுத்துவிட்டு ‘ப’வைப் போடு. அவர்களுக்கு அது கிராமம், நமக்குப் பிள்ளைகள் படிக்கிற இடம்.

பொங்கலுக்கு வரும்போது, வழியில் இன்னும் எத்தனை ‘ப’ ஒளிந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு வா. போன தடவை கொண்டுவந்த காபித்தூள் தீர்ந்து மாசம் மூணாச்சு, அதையும் மறந்துவிடாதே.

உன்,
சண்முகம்