தொட்டி நீளத்தை முதலில் பார்

அன்புள்ள கண்ணு,

கொழிஞ்சாம்பாறைக் கொட்டகைக்கு நீ போட்டு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 40 அடி நீளம், 20 அடி அகலம், 25 போத்துக் கன்று (எருமைக் கடாக் கன்று) என்று எழுதியிருக்கிறாய். உருப்படிக்கு 40 சதுர அடி நிழல் என்று வைத்தாலே 20தான் தேறும். அதைவிடத் தீவனத் தொட்டிதான் இடிக்கிறது. வளர்ந்த கடா தலையை விட்டுத் தின்ன இரண்டரை அடி வேண்டும். 40 அடித் தொட்டியில் 16தான் நிற்கும். மீதி ஒன்பதும் பின்னால் காத்திருந்து, பெரியது கழித்த சோளத்தட்டு அடிக்கட்டையைக் கடிக்கும். மூன்று மாதம் போனதும் "கன்று சாதி சரியில்லை" என்று வியாபாரியைத் திட்டுவாய். முற்றத்தில் இன்னொரு 10 அடித் தொட்டி கட்டு. 20 கன்றோடு நிறுத்து.

கொட்டகை கிழக்கு மேற்காக நீள்வது சரிதான். ஆனால் அங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மழையை மேற்கிலிருந்து வாரி அடிக்கும். அந்த ஓரச் சுவரை மட்டும் கூரைவரை எழுப்பு. மற்ற பக்கத்துக்கு இரும்புக் குழாய் போதும். தரைக்கு டைல்ஸ் பேச்சே வேண்டாம், வழுக்கும். சிமெண்டு காயுமுன் வரி இழுத்துவிட்டு, தொட்டியிலிருந்து வடிகால் பக்கம் 20 அடிக்கு அரை அடி வாட்டம் வை.

எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கறுப்பு. சித்திரையில் நிழல் மட்டும் போதாது. 11 மணியிலிருந்து 4 மணிவரை விட்டுவிட்டு நனைக்கணும். நனைத்த உடம்பில் காற்றும் படணும், இல்லாவிட்டால் வெறும் புழுக்கம்தான்.

இனி கவனமாகப் படி. ஹரியானாவிலிருந்து லாரியில் வந்து இறங்கும் கன்றின் வயிறு காய்ந்து கிடக்கும். தேற்றுகிறேன் என்று அன்றைக்கே மக்காச்சோள மாவை வைத்தால், மாவுச்சத்து வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். அசை நிற்கும், சாணி சாம்பல் நிறத்தில் தண்ணியாக, நுரையோடு, புளிச்ச வாடையாக வரும். பிழைத்தாலும் குளம்பு நோகும்.

முதல் நாலு நாள் வைக்கோல், தட்டு, தண்ணீர் மட்டும். ஐந்தாம் நாள் அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது) அரை கிலோ. பிறகு மூன்று நாளைக்கொரு தடவை கால் கிலோ கூட்டு. 150 கிலோக் கன்றுக்கு இருபதாம் நாள் ஒன்றே முக்கால் கிலோ வரும். அதற்குமேல் எடையைப் பார்த்துத்தான். மக்காச்சோளத்தை மாவாக்காதே, உடைத்தால் போதும். கிலோவுக்கு 10 கிராம் சமையல் சோடா கலந்துகொள். சாணி இளகினால் அளவைக் கூட்டாதே, முந்தைய அளவுக்கு இறங்கு. புதுக் கன்றுகளைப் பழையதோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டு. கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கொன்று. தொண்டை அடைப்பான் ஊசி இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்.

எடைமேடை இல்லாவிட்டால் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்புவரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகு. சுற்றளவு 50, நீளம் 46 என்றால் 174 கிலோ. டேப் ஓர் அங்குலம் நெகிழ்ந்தால் 7 கிலோ கூடிவிடும்; அது பதினைந்து நாள் வளர்ச்சி. அதனால் மாதம் ஒரு முறை, விடியலில், தீவனத்துக்கு முன், ஒரே ஆள் அளக்கட்டும்.

கடைக்கால் தோண்டுமுன் தொட்டியைத் திருத்திப் படம் அனுப்பு. தொட்டி மூலையை உருட்டிப் பூசச் சொல் மேஸ்திரியிடம். சந்தில் தங்கும் தீவனம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.

அம்மா