உங்கள் பக்கங்களை எடுத்துவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

முடிவு எடுத்துவிட்டேன். கவிஞர்கள் தம் எழுத்தைப் பற்றித் தாமே பேசும் நேர்காணல் தொகுப்பிலிருந்து உங்கள் பகுதியை முழுவதுமாக எடுத்துவிடும்படி வடிவமைப்பாளரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். சில வரிகளை மட்டும் நீக்கி மீதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று இத்தனை மாதங்களாக நான் உங்களிடம் மன்றாடியது இதோடு முடிகிறது. ஏன் எடுக்கச் சொன்னீர்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். இதை வாசிப்பவர்களில் அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களும் உண்டு, அந்தக் கேள்வி எழுந்தபோது சிரித்தவர்களும் உண்டு.

தனிக் கடிதமாக அனுப்பாமல் இதைப் பொதுவில் வைப்பதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் புத்தகம் வெளிவந்ததும் உங்கள் பெயர் ஏன் இல்லை என்று கேட்பார்கள். கேட்காதவர்கள் ஆளுக்கொரு காரணத்தைக் கட்டிவிடுவார்கள். நமக்குள் மனத்தாங்கல் என்பார்கள், பதிப்பாளர் அஞ்சிவிட்டார் என்பார்கள். நீங்கள் எதற்கும் வாய் திறக்க மாட்டீர்கள் என்பதால், நீங்கள் கேட்டுக்கொண்டதாலேயே பக்கங்கள் நீக்கப்பட்டன, வேறு காரணம் எதுவும் இல்லை என்பதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிப்புக் கேட்ட மூச்சிலேயே நியாயமும் பேசுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும், அக்கா. எனக்கும் சொல்ல இருக்கிறது.

‘மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்ற தொல்காப்பிய நூற்பாவை எத்தனை முறை எனக்குச் சொல்லியிருப்பீர்கள்! அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்ற விதியைவிடப் பெரிய பாதுகாப்பு ஒரு பெண் கவிஞருக்கு வேறில்லை என்றும், அந்தத் திரைக்குள் நின்று எதையும் எழுதலாம் என்றும், நேர்காணல் என்ற பெயரில் நாங்கள் அதைக் கிழிக்கிறோம் என்றும் சொன்னீர்கள். நான் கவிஞர் ஞானக்கூத்தனைச் சொன்னேன். திருமந்திர வாசிப்பிலிருந்துதான் தம் புனைபெயர் வந்தது என்று அவர் சொல்லாதிருந்தால், அவருடைய அங்கதத்துக்கு அடியில் ஓடும் பழந்தமிழ்ப் பயிற்சியைத் தேடிப்போக எனக்குத் தோன்றியே இருக்காது என்றேன். ந. பிச்சமூர்த்தி தம் புதுக்கவிதை முயற்சிக்கு அமெரிக்கக் கவிஞர் விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ தூண்டுதலாக இருந்ததை எழுதிவைத்ததையும் சொன்னேன். யாப்பறிந்த ஒருவர், 1934இல் ‘மணிக்கொடி’ இதழில் ‘காதல்’ என்ற கவிதையை எழுதிப் புதிய பாதை ஒன்றைத் திறந்தவர், அதற்கான பொறி கடல் கடந்து வந்தது என்று தயக்கமின்றிச் சொன்னது தமிழுக்குக் கிடைத்த கொடை இல்லையா என்று கேட்டேன். அதற்கு நீங்கள் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் தாண்ட முடியவில்லை. “ஆண்களிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். எங்களிடம் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள்.”

உண்மைதான். 2002இல் ‘முலைகள்’ என்று ஒரு தொகுப்புக்குப் பெயர் வைத்ததற்காகக் குட்டி ரேவதி எதிர்கொண்ட வசைகளில் கவிதையைப் பற்றிய பேச்சு எவ்வளவு இருந்தது என்பதை அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அக்கா, நான் உங்களிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லையே. என்ன படித்தீர்கள் என்றுதான் கேட்டேன். மற்றவர்கள் கேட்டதற்கான தண்டனையை எனக்கு ஏன் கொடுத்தீர்கள்?

உங்கள் வீட்டு மொட்டைமாடியில் அந்த மாலை நடந்ததை மட்டும் என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. மின்சாரம் போயிருந்தது. பதிவுக்காகக் கைபேசியை நடுவில் வைத்திருந்தோம். உங்கள் முதல் தொகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் குறுந்தொகையின் 27ஆம் பாட்டை, வெள்ளிவீதியாரின் பாட்டை, சொல்லத் தொடங்கினீர்கள். ‘கன்றும் உண்ணாது கலத்தினும் படாது நல்லான் தீம்பால் நிலத்து உக்காஅங்கு’ என்று தொடங்கியபோது உங்கள் குரல் மேடையில் கேட்கிற குரலாக இல்லை. அடுக்களையில் தமக்குத் தாமே பேசிக்கொள்கிறவரின் குரலாக இருந்தது. கன்றும் குடிக்காமல் கலத்திலும் சேராமல் நிலத்தில் சிந்திய பாலைப் போல, என் அழகு எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் போகிறது என்கிற பாட்டு. ‘எனக்கும் ஆகாது என்னைக்கும் உதவாது’ என்ற இடத்தில் நிறுத்தினீர்கள். பள்ளியில் இந்தப் பாட்டை நடத்திய ஆசிரியை ‘திதலை அல்குல்’ என்ற தொடருக்கு வந்ததும் பொருள் சொல்லாமல் அடுத்த வரிக்குத் தாவிவிட்டதைச் சொன்னீர்கள் (இதை நீங்களே ஒருமுறை மேடையில் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்). ஒரு பெண் தன் உடலைத் தன் வாயால் சொன்ன வரி, இன்னொரு பெண்ணின் வாயில் அச்சமாக மாறி நின்றதை அன்று வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன் என்றீர்கள். வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினீர்கள். அங்கிருந்து உங்கள் முதல் கவிதைக்கு எப்படி வந்தீர்கள் என்பதைச் சொன்னீர்கள். அதைச் சொல்லி முடித்ததும் குனிந்து, பதிவை நீங்களே நிறுத்தினீர்கள். அந்தப் பாதையை நான் இங்கே எழுத முடியாது. ஆனால் ஒரு கவிஞர் தம் எழுத்தின் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லி நான் கேட்டவற்றில் அதைவிட நேர்மையான ஒன்று இல்லை. நீங்கள் சொன்னதில் காதலன் இல்லை, கணவர் இல்லை, வம்புக்கு அலைகிறவர்களுக்குத் தீனி எதுவும் இல்லை. ஒரு பாட்டும் ஓர் அகராதியும் ஒரு சிறுமியின் கோபமும் மட்டுமே இருந்தன.

அதைத்தான் அச்சிட வேண்டாம் என்கிறீர்கள். கன்றுக்கும் இல்லை, கலத்துக்கும் இல்லை.

கவிஞர் சல்மாவை நினைத்துப் பாருங்கள். பருவமெய்தியதும் பள்ளி நின்றுபோய், துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைபட்டு, வீட்டார் அறியாமலிருக்கப் புனைபெயரைச் சூடிக்கொண்டு, இரவில் ஒளிந்து எழுதிய கதையை அவர் எத்தனை நேர்காணல்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 2013இல் வந்த ஆவணப்படத்திலும் அது இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவருக்கு வலித்திருக்காதா? அந்தப் பேச்சைப் படித்துவிட்டுத்தான் ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒரு பெண் தன் நோட்டைக் கிழிக்காமல் வைத்துக்கொள்கிறாள். அவர் கொடுத்ததை நீங்களும் கொடுத்தே தீர வேண்டும் என்று நான் கேட்டபோது, “அது அவருடைய துணிவு, என்னுடைய கடன் அல்ல” என்றீர்கள். அதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

அடுத்து நீங்கள் ஈழத்துக் கவிஞர் சிவரமணியின் பெயரைச் சொன்னீர்கள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, அக்கா. 1991 மே மாதம் யாழ்ப்பாணத்தில், உயிரை மாய்த்துக்கொள்வதற்கு முன், தன் எழுத்தில் கைக்கு எட்டியதையெல்லாம் அழித்த அந்த இளம்பெண்ணைச் சுற்றிப் போர் இருந்தது, துப்பாக்கிகள் இருந்தன. “அவளுக்கு இருந்த உரிமை எனக்கும் இருக்கிறது” என்று நீங்கள் தொலைபேசியில் சொன்ன இரவு நான் தூங்கவில்லை. உங்களை நினைத்துப் பயந்தேன்; பயம் தெளிந்தபின் உங்கள்மேல் கடுங்கோபம் வந்தது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ போன்ற ஒரு தொகுப்பில் சில கவிதைகள் முன்பே அச்சேறியிருந்ததால் அவற்றை அவளால்கூட அழிக்க முடியாமல் போயிற்று. அச்சு என்பது எனக்கு அதுதான். அதற்காகத்தான் நான் உங்களை இவ்வளவு நச்சரித்தேன்.

இருந்தும் பக்கங்களை எடுத்துவிட்டேன். உங்கள் வாதத்துக்கு இணங்கி அல்ல. உங்கள் குரலை உங்கள் விருப்பத்துக்கு எதிராக அச்சிட்டால், அந்த மண்டபத்தில் கேட்டவருக்கும் எனக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும் என்பதால்.

ஒன்றுக்கு மட்டும் நீங்கள் இன்னும் முழுமையாகப் பதில் சொல்லவில்லை. அகநானூற்றின் 45ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், கணவனைத் தேடி அலைந்த ஆதிமந்தியைப் போல அலைந்து வாடுகிறேன் என்று தன் தலைவியைப் பேசவைக்கிறார். 147ஆம் பாட்டில் ஔவையார், வெள்ளிவீதியைப் போல நானும் புறப்பட்டுப் போகத் துணிந்தேன் என்று தன் தலைவியைப் பேசவைக்கிறார். ஆதிமந்தியின் பெயரிலோ குறுந்தொகையில் 31ஆம் பாட்டு இருக்கிறது; ‘யாண்டுங் காணேன் மாண்டக் கோனை’ என்று மாண்புடைய தன் தலைவனைத் தேடுகிற பாட்டு. அந்த நூற்பா இருக்கும்போதே, அகப்பாட்டுக்குள்ளேயே, உவமையாக வைத்து, ஒருத்தி தனக்கு முன்னே எழுதிய இன்னொருத்தியைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறாள். ஔவையால்தான் வெள்ளிவீதியின் வாழ்க்கையைப் பற்றிய கதை கிளம்பியது, பாட்டைப் படிக்காதவர்களும் அவள் கணவனைத் தேடி அலைந்ததை மட்டும் சொல்கிறார்கள், அதுதான் என் அச்சம் என்று ஒரு குறுஞ்செய்தியில் எழுதினீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஔவை வெள்ளிவீதியைப் படித்திருந்தாள் என்பது அந்த வரி இல்லாமல் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்? உங்களைப் படித்து எழுத வந்தவள் நான். நீங்கள் யாரைப் படித்து எழுத வந்தீர்கள் என்று உலகுக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

ஒலிப்பதிவின் ஒரே படியை வரும் வாரம் உங்கள் முகவரிக்கு அனுப்புகிறேன். என்னிடம் வேறு படி இல்லை. அதைக் கேளுங்கள், அழித்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தொகுப்பின் பின்னிணைப்பில் ஒவ்வொருவரின் கவிதைகளும் வருகின்றன. அங்கே உங்கள் மூன்று கவிதைகளை, கேள்வியோ குறிப்போ முன்னுரையோ இல்லாமல், உங்கள் பெயரோடு மட்டும் வெளியிட விரும்புகிறேன். எந்த மூன்று என்பதை நீங்களே தேர்ந்தெடுத்து இம்மாத இறுதிக்குள் எழுதுங்கள். அதுவும் வேண்டாம் என்றால், அதையும் உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை