ரொட்டியின் விலையும் எடையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் மாதம் முதல் தேதியிலிருந்து எங்கள் அடுமனையின் பெரிய ரொட்டியின் விலை உயர்கிறது. இதைக் கடையில் எழுதி ஒட்டியதும், விலையை ஏற்றுவதற்குப் பதிலாக எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று பலர் அக்கறையோடு கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். சில நூற்றாண்டுகளுக்கு முன்பு பெருநகரங்களை ஆண்டவர்கள் இதே வழியைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் அதைச் செய்த முறைக்கும் இன்று கடைகளில் நடப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. அதைச் சொன்னால்தான் எங்கள் முடிவின் காரணம் உங்களுக்கு விளங்கும்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் உதுமானியப் பேரரசின் தலைநகராக இருந்த இஸ்தான்புல்லில், உணவுப்பொருள்களின் உச்ச விலையை அரசே நிர்ணயித்தது. இந்த விலைக்கு ‘நர்ஹ்’ என்று பெயர். நகரத்தின் நீதிபதியான காஜி, அந்தந்தத் தொழில் செய்வோர் குழுவின் தலைவர்களையும் மூத்தவர்களையும் அழைத்து, மூலப்பொருளின் கொள்முதல் விலையையும் செய்கூலியையும் கேட்டறிந்து, அதற்கு மேல் பொதுவாகப் பத்து விழுக்காடு லாபம் சேர்த்து விலையை அறிவிப்பார். உழைப்பு மிகுந்த தொழில்களுக்கு இருபது விழுக்காடு வரையும் அனுமதி உண்டு. அறிவித்த விலை நீதிமன்றப் பதிவேட்டில் ஏறும். பழங்களும் காய்கறிகளும் சந்தைக்குப் புதிதாக வரும்போது ஒரு விலை, வரத்து பெருகியதும் அதைவிடக் குறைந்த விலை என்று பருவத்துக்கேற்பப் பட்டியல் மாறியது. ரமலான் மாதம் நெருங்கினால் விலைகளை மறுபடி பார்ப்பதும் வழக்கமாக இருந்தது.

ரொட்டிக்கு மட்டும் கணக்கு தலைகீழ். பெரும்பாலும் விலை ஒரு அக்சே என்னும் வெள்ளிக்காசிலேயே நிற்கும். அந்த ஒரு காசுக்கு எத்தனை திர்ஹம் (அக்கால எடை அளவு) எடையுள்ள ரொட்டி கொடுக்க வேண்டும் என்பதுதான் கோதுமை விலைக்கேற்ப மாறும். கோதுமை மலிந்தால் ரொட்டி பெருக்கும், அரிதானால் சிறுக்கும். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் ரொட்டி வாங்குகிறவரின் கையில் இருப்பது அந்த ஒரு காசுதான் என்பதால், இந்த ஏற்பாட்டில் அர்த்தம் இருந்தது. இலண்டனிலும் இதே முறைதான். அங்கே ஒரு பென்னி ரொட்டியின் எடையைக் கோதுமையின் விலையோடு பிணைத்த சட்டம் 13ஆம் நூற்றாண்டில் தோன்றி, இடையில் பல திருத்தங்கள் கண்டு, 1815இல்தான் அந்நகரத்தில் நீங்கியது.

எடை குறைந்தபோது அது ஒளிவுமறைவாகக் குறையவில்லை என்பதே நாங்கள் கவனிக்கச் சொல்லும் செய்தி. ஒரு காசுக்கு இவ்வளவு எடை என்று அரசே வெளிப்படையாக அறிவித்தது; அதற்கு ஒரு கைப்பிடி குறைந்தாலும் குற்றம். முஹ்தசிப் எனப்பட்ட சந்தை அதிகாரி தராசும் எடைக்கற்களுமாகக் கடைகளைச் சுற்றி வந்தார். சுல்தானின் முதலமைச்சரான தலைமை வசீரே காஜியுடனும் பரிவாரத்துடனும் புதன்கிழமைகளில் சந்தையைப் பார்வையிடுவது வழக்கம். எடை குறைத்த ரொட்டிக்காரருக்கு அங்கேயே உள்ளங்காலில் பிரம்படி விழுந்தது. காதைக் கடைக் கதவோடு சேர்த்து ஆணியடித்த தண்டனைகளையும் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இத்தனை கடுமைக்குக் காரணம், அந்நகரம் தன் உணவைத் தானே விளைவிக்காததுதான். நகருக்கு மேற்கே உள்ள திரேஸ் சமவெளியிலிருந்தும் தன்யூப் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்தும் கருங்கடல் துறைமுகங்களிலிருந்தும் கப்பலில் வந்த தானியம் உன்கபானி என்னும் துறையில் இறங்கி, அதிகாரிகளின் முன்னிலையில் அடுமனைகளுக்குப் பங்கிடப்பட்டது. குளிர்காலத்தில் கருங்கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. ரொட்டி கிடைக்காத தலைநகரில் கலகம் மூளும் என்ற அச்சம் அரண்மனைக்கு எப்போதும் இருந்தது. ஆயினும் விளைச்சல் பொய்த்ததற்கும் கப்பல் வராததற்கும் அடுப்படியில் நின்றவர் அடி வாங்கியது, அதே தொழிலில் இருக்கும் எங்களுக்கு நியாயமாகப் படவில்லை.

அரசு குறித்த விலை எப்போதும் நின்றதா என்றால், இல்லை. 1585-86இல் அக்சேயின் வெள்ளி அளவு பாதியளவுக்குக் குறைக்கப்பட்டதும் விலைகள் எகிறின; பழைய பட்டியல்கள் பொருளற்றுப் போயின. 1600இலும் 1640இலும் நாணயத்தைச் சீர்திருத்தியபோது விலைப்பட்டியலையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 1640ஆம் ஆண்டின் பட்டியல் உணவோடு நிற்காமல் துணி, காலணி, கருவிகள் என்று நீண்டது. குறித்த விலை அடக்கவிலைக்கும் கீழே போனால் நடப்பதை ஊகிக்க அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை: சரக்கு பதுங்கும், மட்டமான மாவு கலக்கும், ஈரத்தால் எடை கூடட்டும் என்று ரொட்டி அரைவேக்காட்டில் வெளியே வரும். விலையை நிர்ணயிப்பவன் இறைவனே என்ற நபிமொழியைக் காட்டி, அரசர் அதில் தலையிடலாமா என்று சட்ட அறிஞர்களும் விவாதித்தார்கள். மக்களுக்குக் கேடு நேரும்போது தலையிடலாம் என்பதே உதுமானிய அரசு பின்பற்றிய கருத்து.

எங்கள் ரொட்டிக்கு எந்த அதிகாரியும் விலை குறிப்பதில்லை, நாங்களே குறிக்கிறோம். ஆகவே எடையைக் குறைத்தால் அதை ஊரறியச் சொல்ல வேண்டிய பொறுப்பும் எங்களுடையதே. இன்று எடை குறையும்போது அது உறையின் மூலையில் பொடி எழுத்தில் மட்டுமே தெரிகிறது, விலை அப்படியே இருப்பதாக வாங்குபவர் நம்புகிறார். ஏறியது ஏறியதாகவே உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எடையைத் தொடாமல் விலையை மாற்றுகிறோம். மாவின் கொள்முதல் விலை இறங்கினால் ரொட்டியின் விலையையும் இறக்குவோம். கல்லாவின் அருகே மின்தராசு ஒன்று வைத்திருக்கிறோம். வாங்கும் ரொட்டியை நிறுத்துப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எடை குறைந்திருந்தால் அந்த ரொட்டிக்குப் பணம் தர வேண்டாம்.

இப்படிக்கு,
அடுமனை நிர்வாகத்தினர்