முகமூடியை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் திகில் படங்கள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். பாம்புப் பெண், ஓநாய் மனிதன் கதைகளையெல்லாம் ‘செலவு குறைந்த ரப்பர் முகமூடிப் படங்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்களே என்று வருத்தமாகிவிட்டது.

ஹேமர் என்ற பிரிட்டிஷ் பட நிறுவனம் 1966இல் வெளியிட்ட ‘தி ரெப்டைல்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். கையில் காசு குறைவுதான். ‘தி பிளேக் ஆஃப் த ஜாம்பீஸ்’ படத்துக்காக பிரே ஸ்டுடியோவில் போட்ட கார்ன்வால் கிராமத்து செட்டிலேயே இதையும் எடுத்தார்கள். இரண்டுக்கும் இயக்குநர் ஜான் கில்லிங். இதில் பாம்புப் பெண் ஆனாவாக வரும் ஜாக்குலின் பியர்ஸ் இரண்டிலும் நடித்தார். பாம்பு முகத்தைக் கிட்டத்தில் காட்டும்போது ஒப்பனை என்று தெரியத்தான் செய்கிறது.

சரி, அந்த சித்தார் காட்சியைப் பாருங்கள். விருந்தாளிகள் முன்னால் மகள் ஆனா வாசிக்கிறாள். வேகம் ஏற ஏற, அவள் பார்வை அப்பாவின் மேலேயே நிற்கிறது. அவர் முகம் கறுத்துக்கொண்டே போகிறது. பொறுக்க முடியாமல் எழுந்து சித்தாரைப் பிடுங்கி அடித்து நொறுக்குகிறார். அங்கே பாம்பும் இல்லை, முகமூடியும் இல்லை. போர்னியோவில் ஒரு பாம்பு வழிபாட்டுக் கூட்டத்தின் ரகசியத்தைத் துருவியவர் அவர். பாம்பாக மாறும் அந்தத் தண்டனை விழுந்தது அவர் பெண்ணின் தலையில். குளிர் தாங்காத அவளை வீட்டுக்கடியில் கொதிக்கும் கந்தகக் குழியின் சூட்டில் வைத்துக் காப்பாற்றுகிறார். பெற்ற மகளைக் கண்டு நடுங்கும் அந்த அப்பாதான் என்னைப் பயமுறுத்தினார்.

கீழ்த்திசை மனிதர்கள் என்றாலே மர்மம், சூழ்ச்சி என்று காட்டும் அந்தக் கால வெள்ளைக்காரப் பார்வை இதிலும் இருக்கிறது. அந்த வீட்டில் இருக்கும் மலாய்க்காரர் வேடத்தில் வருபவர் கல்கத்தாவில் பிறந்த மார்ன் மெய்ட்லாண்ட். கட்டுரையாளர் இதைக் கண்டித்திருந்தால் நானும் கூடவே குரல் கொடுத்திருப்பேன். செலவு குறைந்ததைக் குறையாகச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

1961இல் வந்த ஹேமரின் ஓநாய் மனிதன் படம் ‘தி கர்ஸ் ஆஃப் த வேர்வுல்ஃப்’ ஸ்பெயினில் நடப்பதற்குக் காரணமே, கைவிடப்பட்ட வேறொரு படத்துக்காகப் போட்டிருந்த ஸ்பானிய செட்தான். நாயகனாக வரும் ஆலிவர் ரீடை முழு ஓநாயாகக் காட்டுவது படம் முடியும் தறுவாயில்தான். அதுவரை மறுபடி மாறுவதற்குள் தன்னைக் கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சும் ஓர் இளைஞனைத்தான் பார்க்கிறோம். அந்த ஓநாய்க்கும், அப்புறம் பாம்புப் பெண்ணுக்கும் ஒப்பனை செய்தவர் ராய் ஆஷ்டன். முகமூடியைப் பற்றித்தான் பேச வேண்டுமென்றால் அவருடைய வேலையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை